வையம்பட்டியில் ஒரு மஞ்சள் நூல்

திருச்சிராப்பள்ளி ஜங்ஷனை விட்டுத் திண்டுக்கல் மார்க்கமாகச் செல்லும் ரயில், காவேரியை வெகு சீக்கிரத்தில் மறந்துவிடுகிறது. மலைக்கோட்டை பின்னால் மறைந்து அரை மணி நேரம் ஆவதற்குள் வாழையும் நெல்லும் கனவு போல் அகன்று, செம்மண்ணும் பாறையும் உடைமரமுமாய் வேறொரு நாடு எதிர்ப்படுகிறது. மணப்பாறையில் வண்டி நின்றதும் முறுக்கு விற்பவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் வந்து போகிறார்கள். 2023-இல் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கௌரவத்தினால் அதன் ருசி கூடவுமில்லை, குறையவுமில்லை என்பதை நான் பரீக்ஷித்து அறிந்தேன். அதைத் தாண்டினால் வையம்பட்டி.

சிறிய ஸ்டேஷன். பெரும்பாலான விரைவு வண்டிகள் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. மேற்கே கடவூர் மலைகள் நீலக்கோடாய்த் தெரிகின்றன. மழை பெய்தால் சோளமும் கடலையும் விளையும். பொய்த்தால் ஆடு மாடுகளே கதி. இளைஞர்களிற் பலர் திண்டுக்கல் பக்கத்து நூல் ஆலைகளுக்கும் கரூர்த் துணிக் கம்பெனிகளுக்கும் போய்ச் சம்பாதித்து வருகிறார்கள். வையம் என்றால் உலகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஊரின் பெயர் எப்படி வந்ததோ, அதைப் புலவர்கள் ஆராயட்டும். உலகத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு ஜாதியாரை நான் நன்றாகப் புரிந்துகொண்டது இந்த ஊரில்தான் என்பதால் அந்தப் பெயர் எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

நான் போனது சித்திரை மாதம். அந்தப் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் காலம். கிராமத்துத் தெரு ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து ஒரு மூதாட்டி வெள்ளை நூலை மஞ்சள் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். தோய்த்த நூலை ஒன்பது இழையாய்ச் சேர்த்து முறுக்கி, நடுவே ஒரு மஞ்சள் துண்டை வைத்து முடிந்தாள். விரல்கள் அவ்வேலையைத் தாமாகவே செய்தன. கண்கள் என்னை எடை போட்டுக்கொண்டிருந்தன.

"இந்த நூல் எங்கே வாங்கியது, அப்பாயி?" என்று கேட்டேன்.

"கடையிலதான் தம்பி. மில்லு நூலு. முன்னெல்லாம் வீட்டுல நூத்ததுன்னு எங்க மாமியா சொல்லும். ஆத்தாளுக்கு நூலு நூலுதான்."

காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும் வரையில் ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாது, புலால் உண்ணக் கூடாது என்பது கட்டுப்பாடு. மணிக்கட்டில் உள்ள ஒரு முழ நூல் ஒரு மனிதனை ஊருக்கும் தெய்வத்துக்கும் கட்டிப்போடுகிறது. போலீஸ் விலங்குக்குக்கூட இவ்வளவு பலம் உண்டா என்பது சந்தேகமே!

என் பையில் ஒரு சித்திரப் புஸ்தகம் இருந்தது. அமெரிக்காவின் தென்மேற்கில் அரிஸோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா என்னும் மூன்று மாகாணங்களில் பரந்து வாழும் நவஹோ மக்களின் கம்பளிகளைப் பற்றியது. ரயிலில் பொழுதுபோக்காகப் புரட்டிக்கொண்டு வந்தேன். அந்த மூதாட்டியின் விரல்களைப் பார்த்த பின்பு அப்புஸ்தகம் வேறு புஸ்தகமாகிவிட்டது.

இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் வழி தவறி எங்கேயோ கரை சேர்ந்து, அங்கிருந்தவர்களுக்கு நம்முடைய பெயரைச் சூட்டிவிட்டுப் போனது நேயர்களுக்குத் தெரியும். அப்படி 'இந்தியர்' ஆக்கப்பட்டவர்களில் இந்த நவஹோக்களும் சேர்ந்தவர்கள். அவர்கள் தங்களைத் 'தினே' என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள் என்று பொருள். அவர்களுடைய நாடு இன்று சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று மேல். செம்மண்ணும் செம்பாறையும் நீரில்லா ஓடைகளும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த நிலம். படத்தில் பார்த்தால் வையம்பட்டிப் பக்கத்தைப் பத்து மடங்கு பெருக்கிப் பனைமரங்களைப் பிடுங்கிவிட்டது போல் இருக்கிறது.

அந்த நிலத்திலிருந்து அவர்களை ஒரு முறை வேரோடு பெயர்த்தார்கள். 1863-64-இல் அமெரிக்கப் பட்டாளத்தார் அவர்களுடைய சோளக் கொல்லைகளை எரித்து, பழ மரங்களை வெட்டி, ஆடுகளைக் கொன்று, பட்டினி போட்டுப் பணிய வைத்தார்கள். எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் சுமார் முந்நூறு மைல் நடத்தப்பட்டு, பாஸ்கே ரெடாண்டோ என்ற திடலில் அடைக்கப்பட்டனர். வழியிலும் அங்கேயும் இறந்தவர்கள் மிகப் பலர். 1868 ஜூன் மாதத்து உடன்படிக்கையின் பேரில் மிஞ்சியவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். துரத்தப்பட்ட ஜாதியார் அநேகர் உண்டு. திரும்பி வந்து தங்கள் மலைகளையே மறுபடி கண்டவர்கள் அபூர்வம். அந்த நடையை 'நெடும் பயணம்' என்று இன்றும் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் அவர்கள் கையில் எடுத்தது ஆட்டு ரோமத்தையும் தறியையுந்தான்.

அவர்களுடைய வைத்தியத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நவஹோவின் கருத்துப்படி, நோய் என்பது உடம்பின் ஒரு பாகத்தில் நேர்ந்த பழுது மட்டுமன்று. மனிதனுக்கும் மண்ணுக்கும், காற்றுக்கும், பிராணிகளுக்கும், முன்னோருக்கும் இடையே உள்ள சுருதி கலைந்துவிட்டது என்பதன் அடையாளம். அந்தச் சுருதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹோழோ'. அழகு, ஒழுங்கு, நலம், மங்களம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். ஆகவே வைத்தியனுக்கு அவர்கள் பாஷையில் 'பாடுகிறவன்' என்று பெயர். நோயின் காரணத்தைக் கண்டு சொல்லுகிறவர் வேறு, பாடிக் குணமாக்குகிறவர் வேறு. ஒரு சடங்கைப் பிசகின்றி நடத்த நூற்றுக்கணக்கான பாட்டுக்களை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அப்படி ஒன்றையோ இரண்டையோ கற்றுத் தேர்வதற்குள் ஒரு ஆயுளில் பாதி போய்விடும். 'இரவுப் பாட்டு' என்னும் பெருஞ்சடங்கு ஒன்பது இரவுகள் நடப்பது. உறைபனி விழுந்து, பாம்புகளும் கரடிகளும் உறங்கப் போன பிறகே அதை நடத்தலாம்.

இச்சடங்குகளின் நடுநாயகம் மணற்சித்திரம். வீட்டின் வாசல் கிழக்கு நோக்கியிருக்கும். தரையில் மணலைச் சமனாகப் பரப்பி, அரைத்த கற்பொடிகளையும் மகரந்தத்தையும் விரலிடுக்கு வழியே உதிர்த்து, தெய்வங்களையும் மின்னலையும் சோளப் பயிரையும் வரைகிறார்கள். கிழக்குக்கு வெண்மை, தெற்குக்கு நீலம், மேற்குக்கு மஞ்சள், வடக்குக்குக் கறுப்பு. மூன்று பக்கம் வானவில் வளைந்து காவல் நிற்கும். கிழக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். பல பேர் பல மணி நேரம் குனிந்து வரைந்த இந்தச் சித்திரத்தின் மேல் நோயாளியை உட்கார வைக்கிறார்கள். சித்திரத் தெய்வத்தின் காலிலிருந்து மணலை எடுத்து நோயாளியின் காலில் அழுத்துகிறார் பாடகர். அப்படியே முழங்கால், மார்பு, தலை. தெய்வத்தின் பலம் நோயாளிக்கு, நோயாளியின் தீங்கு மணலுக்கு. அப்புறம் சித்திரத்தைக் கலைத்து மணலை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும். நோயை உறிஞ்சிய மணலை வீட்டில் வைத்திருப்பார் உண்டா?

இதைப் படித்ததும் நமக்குக் கோலம் ஞாபகம் வருவது இயல்பே. ஆனால் அதைவிட நெருங்கிய உறவு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், மலையாள நாட்டில் இருக்கிறது. புள்ளுவர்கள் நடத்தும் சர்ப்பத் துள்ளலில் அரிசி மாவின் வெள்ளை, உமிக் கரியின் கறுப்பு, மஞ்சள், இலைப் பொடியின் பச்சை, மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்த சிவப்பு என்னும் ஐந்து பொடிகளால் பின்னிப் புரளும் நாகங்களை எழுதுவார்கள். அதற்குக் களம் என்று பெயர். குடும்பத்துப் பெண்கள் அந்தக் களத்தில் அமர்ந்து, பாட்டு ஏற ஏற ஆவேசம் கொண்டு, கமுகம் பூக்குலையாலும் தங்கள் உடம்பாலும் சித்திரத்தை அழித்துவிடுவார்கள். அரிஸோனாவுக்கும் மலையாளத்துக்கும் எந்தக் கப்பலும் இச்செய்தியைச் சுமந்து செல்லவில்லை. இரண்டு இடத்திலும் மனிதர்கள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள் போலும்.

சரி, தறிக்கு வருவோம். நெசவை அவர்களுக்குக் கற்பித்தவள் சிலந்தி அம்மை. டெ ஷேய் என்னும் மலைப்பிளவில் எண்ணூறு அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் செம்பாறை அவளுடைய வாசஸ்தலம். முதல் தறியைச் செய்தவன் அவள் கணவன். அதன் குறுக்குக் கம்புகள் வானமும் பூமியும், பாவுக் கோல்கள் சூரிய கிரணங்கள், விழுது படிகமும் மின்னலும், ஊடையை இறுக்கும் சீப்பு வெண்சங்கு. பெண் குழந்தை பிறந்தால் சிலந்தி வலையை எடுத்து அதன் கைகளில் தேய்ப்பார்களாம், நல்ல நெசவுக்காரியாக வரவேண்டும் என்று. நம் தேவாங்கர்களும் இதற்குச் சளைத்தவர்களல்லர். தேவல முனிவர், மானம் மறைக்க வழியின்றி இருந்த தேவர்க்கும் மனிதர்க்கும் உடை நெய்வதற்காகத் திருமாலின் உந்தித் தாமரையிலிருந்து நூல் பெற்று வந்தார். வழியில் அசுரர் மறிக்க, சௌடேஸ்வரி தோன்றி அவர்களை வதைத்தாள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஐந்து நிறமாகப் பெருகிய அவர்கள் இரத்தத்தில் முனிவர் நூலைத் தோய்த்துச் சாயம் ஏற்றினார் என்பது அவர்கள் வரலாறு. தறி என்றாலே தெய்வம் இறங்கி வர வேண்டியதாயிற்று, இரண்டு தேசத்திலும்!

மணலில் வரைந்து அழிக்க வேண்டிய சித்திரத்தை அழியாத கம்பளியில் நெய்யலாமா? நவஹோக்களிடையே இது சாமானியமான கேள்வியன்று. நெய்தால் கண் போகும், கை முடங்கும், ஊருக்கே கேடு வரும் என்று அஞ்சினார்கள். துணிந்து நெய்தவர்களில் தலைசிறந்தவர் ஹஸ்டீன் கிளா என்பவர். 1867-இல் பிறந்தவர். பல பெருஞ்சடங்குகளைக் கரை கண்ட பாடகர். ஆணும் பெண்ணும் கலந்த இயல்பினர் என்று அவர் குலத்தார் அவரைப் போற்றினர். அத்தகையோரை அந்த ஜாதியார் இகழ்வதில்லை. ஆகவே பெண்களின் கலையான நெசவிலும் அவர் கை தேர்ந்திருந்தது. 1893-இல் சிகாகோவில் நடந்த மகா கண்காட்சியில் ஜனங்கள் பார்க்கும்படி தறியிலிருந்து நெய்து காட்டினார். அதே ஆண்டு, அதே சிகாகோவில், அந்தக் கண்காட்சியையொட்டிக் கூடிய சர்வமத மகாசபையில்தான் நம் விவேகானந்தர் செப்டம்பர் 11-ஆம் தேதி எழுந்து பேசினார். இந்தியாவின் இந்தியர் ஒருவரும் அமெரிக்காவின் 'இந்தியர்' ஒருவரும் ஒரே நகரத்துக்கு வந்து, ஒருவர் வாக்காலும் ஒருவர் கையாலும் தங்கள் ஜனங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

1919-ஐ ஒட்டி கிளா முதன்முதலாக ஒரு மணற்சித்திரத்தைப் பெரிய கம்பளியில் நெய்தார். இரவுப் பாட்டில் வரும் 'சுழலும் மரத் துண்டுகள்' என்னும் சித்திரம் அது. பார்த்தால் நம் வீட்டு வாசற்படியில் வரையும் ஸ்வஸ்திகம்! ஊரார் கலங்கினார்கள். கிளா தமக்குக் காப்பாகச் சடங்குகளைச் செய்துகொண்டு தொடர்ந்து நெய்தார். கண்ணும் போகவில்லை, கையும் முடங்கவில்லை. பிறகு தம் மருமக்கள்மாரையும் பழக்கினார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்த் தூரத்து விடுதிப் பள்ளிகளில் அடைத்துத் தாய்மொழி பேசினால் தண்டித்த காலம் அது. பாட்டுக்களை யாரிடம் ஒப்படைப்பது? அவர் பழக்கிய சீடரும் அவருக்கு முன்பே இறந்துபோனார். மேரி கேபட் வீல்ரைட் என்ற செல்வச் சீமாட்டியின் துணையோடு ஸாண்டா ஃபே நகரில் அவருடைய அறிவையெல்லாம் சேமித்து வைக்க ஒரு காட்சிசாலை எழுந்தது. அது திறக்கப்பட்ட 1937-ஆம் ஆண்டிலேயே, திறப்பைக் காணாமல் கிளா காலமானார். நாற்பது வருஷம் கழித்து, 1977-இல், அந்தக் காட்சிசாலையார் புனிதமான வைத்தியப் பொட்டலங்களை நவஹோக்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காட்சிசாலைகள் வாங்கியதைத் திருப்பித் தருவது எவ்வளவு அருமை என்பது, லண்டனில் இருக்கும் நம் பொருள்களைப் பற்றி ஏங்குகிறவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சுழலும் சின்னத்துக்கு இன்னொரு கதை உண்டு. ஜெர்மனியில் ஹிட்லர் அதைக் களவாடிய பின், 1940-இல் நவஹோ, ஹோப்பி முதலிய நான்கு குலத்தார் கூடி, தங்கள் கம்பளிகளிலும் கூடைகளிலும் இனி அதைப் போடுவதில்லை என்று கையொப்பமிட்டார்கள். தங்கள் முன்னோரின் மருந்துச் சின்னத்தைப் பிறர் செய்த பாவத்துக்காக அவர்கள் கைவிட்டார்கள். நாம் விடவில்லை. விடவேண்டிய அவசியமும் நமக்கில்லை என்பதே என் அபிப்பிராயம்.

கம்பளிப் புஸ்தகத்தை மூடிவிட்டு மூதாட்டியிடம் வைத்தியத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவள் சிறு வயதில் பெரியம்மை பார்த்தவள். கன்னத்தில் தழும்பு இருந்தது. "எனக்கு ஆத்தா வெளையாடினப்போ பதினேழு நாள் வேப்பிலையிலதான் கிடந்தேன். எங்கம்மா கண்ணு மூடல" என்றாள். அம்மை கண்ட வீட்டின் விதிகளை வரிசையாய்ச் சொன்னாள். வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அதைக் கண்டதும் அயலார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. பழகி நைந்த பருத்திச் சேலையைத்தான் விரிக்க வேண்டும். புதுத் துணி உறுத்தும். கொப்புளத்தைக் கொப்புளம் என்று சொல்வது அபசாரம், முத்து என்றே சொல்ல வேண்டும். முத்து இறங்கிய பின் வெயிலில் வைத்த மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், வேப்பிலைக் கொத்து சுகாதார இலாகாவின் எச்சரிக்கைப் பலகை வேலையைச் செய்திருக்கிறது. நைந்த சேலை ஆஸ்பத்திரிப் படுக்கையை விட மெத்தென்று இருந்திருக்கிறது. நோயாளியிடம் முகம் சுளிக்காமல் அவளையே தெய்வமாக வணங்கிப் பணிவிடை செய்ய ஏற்பாடு இருந்திருக்கிறது. ஆனால், பழம்பெருமை பேசுகிற உற்சாகத்தில் உண்மையை மறைக்கலாகாது. பெரியம்மையை ஒழித்தது வேப்பிலையன்று. 1796-இல் ஜென்னர் கண்டுபிடித்த அம்மைப் பால் 1802-இல் பம்பாய்க்கு வந்தது. கிராமம் கிராமமாக, வீடு வீடாக நடந்த ஊழியர்களால்தான் 1975-இல் நம் தேசத்தின் கடைசி நோயாளி குணமானதும், 1980 மே மாதத்தில் உலகமே விடுபட்டதாக அறிவித்ததும் சாத்தியமாயின. அந்த மூதாட்டியின் தாய் கண் மூடாமல் காத்ததனால் மகள் பிழைத்திருக்கலாம். அதே தெருவில் அப்படியே காக்கப்பட்டும் பிழைக்காதவர் எத்தனையோ பேர். "எங்க அண்ணனும் அந்த வருசந்தான்" என்று அவளே சொல்லி, நூலை முறுக்குவதை ஒரு கணம் நிறுத்தினாள்.

நவஹோக்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். காசநோய்க்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கலங்கிய மனத்துக்குப் பாடகரிடம் போகிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் சுமார் நானூறு நவஹோ வாலிபர்கள் தங்கள் தாய்மொழியிலேயே ரகசியச் செய்திகளை அனுப்பி, ஜப்பானியரால் உடைக்க முடியாத சங்கேதமாக அதை ஆக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பேசினால் தண்டனை பெற்றுத் தந்த அதே பாஷை! 1945-இல் திரும்பி வந்த வீரர்களைப் போர்க்களத்துப் பிரேதங்கள் கனவில் துரத்தியபோது, 'பகைவர் வழி' என்னும் சடங்கைச் செய்து அவர்களை மறுபடியும் மனிதர் நடுவே கொண்டுவந்து சேர்த்தார்கள். இதற்கு ஊசி மருந்து ஏது? 2020-இல் கொரோனா வந்தபோது அந்த நாடு மிகக் கடுமையாக அடிபட்டது. பாட்டுக்களை நெஞ்சில் சுமந்த முதியோர் பலர் போயினர். நம் பக்கத்திலோ பிளேக் நோய்க்கு ஒரு மாரியம்மனைக் கண்ட கோயம்புத்தூரில், 2021-இல் ஒரு மடத்தார் 'கொரோனா தேவி' என்றே கருங்கல்லில் சிலை வைத்துப் பூஜித்தார்கள். தடுப்பு ஊசியும் போட்டுக்கொண்டு கும்பிட்டால் எனக்கு ஆக்ஷேபமில்லை.

மணப்பாறையில் வேப்பிலை மாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். ஆனால் இச்சீமை முழுவதுக்கும் தாய் சமயபுரத்தாள்தான். அவளுடைய மூலத் திருமேனி மூலிகைகளால் ஆனது. அதனால் அதற்கு அபிஷேகம் இல்லை. மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் அவளே விரதம் இருக்கிறாள். பச்சைப் பட்டினி விரதம். அந்நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளு மாவும் பானகமும் நீர்மோரும் இளநீருந்தான். பக்தர்கள் தெய்வத்துக்காகப் பட்டினி கிடப்பது எங்கும் உண்டு. தெய்வம் பக்தர்களுக்காகப் பட்டினி கிடப்பது வேறெங்கே? நோயாளிக்கு விதித்த பத்தியத்தைத் தானே அனுஷ்டிக்கும் இந்த வைத்தியச்சியை நவஹோப் பாடகர்கள் அறிந்தால் வியந்திருப்பார்கள். தைப்பூசத்தில் ஸ்ரீரங்கத்து அண்ணன் இத்தங்கைக்குச் சீர் அனுப்புகிறார். மாலைகளோடு அதில் பட்டுப் புடவையும் உண்டு.

கிராமத்திலிருந்து திரும்பி உறையூருக்குப் போனேன். கிரேக்கர்கள் 'அர்காரு' என்று எழுதிவைத்த மெல்லிய துணி உறையூருடையதே என்று அறிஞர் கருதுகிறார்கள். 1960-களில் சென்னைப் பல்கலைக் கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது சாயத்தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. இரண்டாயிரம் வருஷத்துக் கீர்த்தியின் இன்றைய வாரிசுகளைத் தேடினால், குழித்தறியின் ஓசை சில வீடுகளில்தான் கேட்கிறது. மற்ற வீடுகளில் தறி இருந்த குழியைச் சிமெண்டு பூசி மூடிவிட்டார்கள். நான் பார்த்த நெசவாளர் அறுபதைக் கடந்தவர். முத்துக் கட்டம் போட்ட பருத்திச் சேலை தறியில் இருந்தது. முத்து என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு அம்மை முத்து நினைவு வந்தது. அவரிடம் கேட்டேன்.

"அப்படியெல்லாம் நெனச்சு நெய்யறதில்லீங்க ஐயா. கட்டத்துக்குப் பேரு அது. ஆனா ஆத்தாளுக்குச் சாத்தறேன்னு யாராவது வாங்கிட்டுப் போனா மனசுக்குத் திருப்தி" என்றார்.

புஸ்தகத்தில் இருந்த ஒரு படத்தைக் காட்டினேன். நவஹோக் கம்பளிகளில் நாற்புறமும் கரை அடைத்திருந்தால், ஒரு மூலையில் உள்நிறத்து நூல் ஒன்று மெல்லிய கோடாய்க் கரையைக் கடந்து விளிம்புக்கு ஓடும். நெய்தவளின் உயிர் துணிக்குள் சிறைப்படாமல் வெளியேறுவதற்காக விடும் வழி. நெசவாளர் அந்தக் கோட்டை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். தறியிலிருந்து இறங்கிய புடவையின் முனையில் நம் வீட்டுப் பெண்கள் உடுத்துமுன் மஞ்சள் தடவுவதையும், அழகான குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக் களங்கப்படுத்துவதையும் நான் சொன்னேன். "நாங்க குறை வைக்க மாட்டோம். குறை வச்சா சொசைட்டியில கூலியைக் குறைச்சிடுவாங்க" என்று சிரித்தார். அதற்கு நான் என்ன சொல்ல!

இன்னொரு சங்கதியை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாயிருந்தது. அமெரிக்கக் கடைகளில் நவஹோ மாதிரிக் கம்பளிகள் மலிவாக விற்கின்றன. அவற்றில் பல நம் தேசத்தில் நெய்யப்பட்டு ஏற்றுமதியாகின்றவை. ஒரு நவஹோப் பெண் மாதக் கணக்கில் உட்கார்ந்து நெய்வதை நம் தறிகள் சில நாளில் அடித்துத் தள்ளிவிடுகின்றன. கரை உண்டு, வர்ணம் உண்டு. சில கம்பளிகளில் அந்த உயிர் வெளியேறும் கோடுகூட அச்சடித்தாற்போல் இருக்கிறது. யாருடைய உயிர் எங்கே போவதற்கு? தங்கள் பொருளென்று பொய் சொல்லிப் பிறர் விற்பதைத் தடுக்க 1990-இல் அந்நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். கடல் கடந்து வரும் மலிவுக்கு முன் சட்டம் எத்தனை தூரம் ஓடும்? காஷ்மீர சால்வையின் மாங்காய்ப் பூவை ஸ்காட்லாந்து நாட்டார் யந்திரத்தில் நெய்து தங்கள் ஊரின் பெயரையே அதற்கு இட்டபோதும், மான்செஸ்டர்த் துணி நம் சந்தையை மூடியபோதும் நாம் என்ன பாடுபட்டோம்! 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கியது இதே திருச்சிராப்பள்ளியிலிருந்துதான். அந்த யாத்திரையில் சென்றவர்கள் உடம்பில் இருந்தது கதர். நமக்கு நேர்ந்ததை இன்னொரு ஜாதியாருக்கு நாமே இழைக்கிறோம். அதுவும் பெயரளவில் 'இந்தியர்'களுக்கு.

கோலமும் தப்பவில்லை. வையம்பட்டியில் புதிதாய்க் கட்டிய வீடுகளின் வாசலில் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட கோலம் ஒட்டியிருந்தது. எறும்புக்கு அரிசி இல்லை, மாலைக்குள் கலைவதும் இல்லை. அடுத்த வீட்டு வாசலில் சாணம் தெளித்து மாக்கோலம் போட்டிருந்த சிறுமியை, ஏன் ஒட்டுக் கோலம் வாங்கவில்லை என்று கேட்டேன். "அது ஒரே கோலந்தானே இருக்கும்?" என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்.

சமயபுரத்தில் அம்மனுக்குச் சாத்திய சேலைகள் மலை போல் குவிந்துவிடும். அவற்றைக் கோயிலார் ஏலம் விடுகிறார்கள். உறையூரில் நெய்ததும் உண்டு, சூரத்து ஆலையில் அடித்ததும் உண்டு. ஏலம் எடுத்த வியாபாரியிடமிருந்து பெண்கள் வாங்கிப் போகிறார்கள். நான் போன அன்று ஒருத்தி நாலைந்து பட்டுச் சேலைகளை ஒதுக்கிவிட்டுச் சாயம் வெளுத்த பருத்திச் சேலை ஒன்றைத் தேடி எடுத்தாள். விரலால் நெருடிப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பேத்திக்குத் தொட்டில் கட்டுவதற்காம். தொட்டில் காலம் முடிந்தால் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். வீட்டில் யாருக்காவது அம்மை வார்த்தால் விரிப்பதற்கு ஆகும் என்று சொன்னாள்.